ஈர நெல்லும் எபாக்சியும்

மொட்டை மாடியில் புகை எழும்பியபோது கீழ்வீட்டு மாமி காய்ந்த துணி எடுக்க வந்திருந்தார். "என்னப்பா, கொசுவத்தி ஏத்தி வச்சிருக்கியா?" என்றார். மத்தியானம் ரெண்டு மணிக்கு யாராவது கொசுவத்தி ஏற்றுவார்களா? "ஸ்டூல் செய்யறேன் மாமி" என்றேன். அவர் என்னையும் புகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, காயாத துணியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒரு பூவரசு மர வட்டு. அதன் நடுவில் 20 செ.மீ. அகலத்துக்கு ஒரு பொந்து, 6 செ.மீ. ஆழம். அதில் கண்ணாடி மாதிரி தெளிந்து நிற்க வேண்டிய எபாக்சி ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் தானே இறுகிக் கெட்டியாகும் பிசின்) என் கண்ணெதிரே மஞ்சளாகி, பழுப்பாகி, நுரை கட்டி, அடுப்பில் மறந்துபோன வெல்லப் பாகு போலக் கொப்பளித்தது. நெடி மூக்கைத் துளைத்தது. கையை மேலே காட்டினால் தோசைக்கல்லின் அனல். அரை மணி நேரம் கழித்து 'படீர்' என்று ஒரு சத்தம். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு விரிசல் ஓடிவிட்டது. 2 கிலோ ரெசின் போனதைவிட அந்த வட்டு போனதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த மரத்துக்குக் கொஞ்சம் பின்கதை உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் விழுந்த தென்னைகளை எண்ணிச் சொல்லவே ஆளில்லை. அந்தக் கூட்டத்தில் எங்கள் கொல்லைப் பூவரசும் வேரோடு சாய்ந்தது. வயதான பூவரசு பெரும்பாலும் உள்ளே பொக்கையாகத்தான் இருக்கும்; இதுவும் அப்படியே. அப்பாவுக்கு அதை விறகுக்குப் போட மனம் வரவில்லை. மில்லுக்கு ஏற்றிப்போய் அறுத்து, பலகைக்குப் பலகை இடையில் குச்சி வைத்து மாட்டுக் கொட்டகையில் அடுக்கிவிட்டார். "அங்குலத்துக்கு ஒரு வருசம் தம்பி, அது வரைக்கும் தொடாத" என்று எங்கள் ஆசாரி சொல்லியிருந்தார். 2022 கோடையில் அதில் கொஞ்சத்தைச் சென்னை மேடவாக்கத்துக்குக் கொண்டுவந்தேன். முதலில் பொந்து வட்டில் ஒரு ஸ்டூல். கை பழகியபின், நீளமான இரண்டு பலகைகளை இணைத்து நடுவில் ரெசின் ஓடுகிற மேசை. திட்டம் இதுதான்.

ரெசின் வாங்கும்போது நான் பார்த்தது மூன்று விஷயம்: தெளிவாக இருக்கிறதா, பலமாக இருக்கிறதா, சீக்கிரம் இறுகுமா. கடைக்காரர் மூன்றுக்கும் தலையாட்டினார். "எல்லாரும் இதைத்தான் சார் வாங்கறாங்க. 40 நிமிசம் டைம் இருக்கு, மறுநாள் சாயங்காலம் கல்லு மாதிரி ஆயிடும்." எவ்வளவு ஆழத்துக்கு ஊற்றப்போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. மேசை மேல் 2, 3 மில்லிமீட்டருக்குப் பூசுகிறவனுக்கு அவர் சொன்ன அத்தனையும் உண்மை.

அன்று இரவு அப்பாவிடம் போனில் புலம்பினேன்.

"எவ்ளோ ஆழத்துக்கு ஊத்துன?"

"ஆறு சென்டிமீட்டர் இருக்கும்ப்பா."

"மெல்லிசாத் தடவுனா சூடாவுதா?"

"இல்லப்பா. கையில ஒட்டினது சும்மாதான் இருந்துச்சு."

"அப்பறம் என்ன. ஈர நெல்லக் குமிச்சு வச்ச மாரிதான். களத்துல பரப்பிவுட்டா ஒண்ணும் பண்ணாது. அம்பாரமாக் குமிச்சு தார்ப்பாயப் போட்டு மூடிப் பாரு, மறுநாளு உள்ள கைய வுட முடியாது."

எபாக்சியைப் பற்றி நான் அதன்பின் படித்ததெல்லாம் இந்த ஒரு பேச்சுக்கு எழுதிய உரை என்றுதான் சொல்வேன். நெல் மூச்சுவிடுவதால் சூடாகிறது, ரெசின் வினைபுரிவதால் சூடாகிறது, காரணம் வேறு. சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும் விதம் ஒன்றுதான்.

ரெசினும் அதை இறுக வைக்கிற ஹார்டனரும் கலக்கும்போது அவற்றின் மூலக்கூறுகள் கைகோத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு கைகோப்புக்கும் கொஞ்சம் வெப்பம் வெளியாகிறது. சாதாரண எபாக்சி ஒரு கிலோ இறுகும்போது ஏறத்தாழ 400 கிலோஜூல் வரை வரும். ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 300 கிலோஜூல் போதும். ரெசினைச் சூடாக்கத் தண்ணீரைச் சூடாக்குவதில் பாதி வெப்பமே தேவை என்பதால், வந்த வெப்பம் முழுதும் உள்ளேயே தங்கினால் 200 டிகிரி ஏறிவிடும். அன்று என் மாடியில் அதற்குப் பக்கத்தில் எங்கோ போய்த்தான் நின்றிருக்கும்.

சரி, வெப்பம் வெளியே போகக் கூடாதா? போகும், மெதுவாக. எபாக்சி வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். இங்கேதான் கனம் தன் வேலையைக் காட்டுகிறது. கனம் இரண்டு மடங்கானால் நடுவில் இருக்கும் சூடு வெளியேறும் நேரம் நாலு மடங்காகும். ஒரு செ.மீ. கனத் தகட்டிலிருந்து சூடு வெளியேற நாலைந்து நிமிடம் என்றால் 6 செ.மீ.க்கு 36 மடங்கு, அதாவது இரண்டரை மணி நேரத்துக்கு மேல். நான் வாங்கிய ரெசினோ தன் வெப்பத்தில் பெரும்பகுதியை அரை மணிக்குள் கொட்டிவிடும் ரகம். அரை மணியில் வருகிற கூட்டம் இரண்டரை மணி நேரத்தில்தான் வெளியேற முடியும் என்றால் நெரிசல்தானே? அதோடு, 10 டிகிரி கூடினால் வினை கிட்டத்தட்ட இருமடங்கு வேகம் பிடிக்கும். சூடு வேகத்தைக் கூட்டும், வேகம் சூட்டைக் கூட்டும். நடுவே எங்கும் நிற்காது.

விரிசல் விழுந்ததற்குக் காரணம் வேறு. நடுப்பகுதி அந்த உச்சச் சூட்டில் இறுகி, பின் ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. ஓரம் ஏற்கெனவே ஆறி மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுபறியில் கிழிகிறது. 'படீர்' அந்த இழுபறியின் சத்தம்.

டப்பாவில் போட்டிருந்த 40 நிமிடம் என்ன ஆயிற்று என்று பிறகு தேடிப் பார்த்தேன். பாட் லைஃப் (கலந்தபின் ஊற்றும் பதத்தில் இருக்கும் நேரம்) என்று போடும் அந்தக் கணக்கு பெரும்பாலும் 100 கிராம் கலவையை 25 டிகிரியில் வைத்து எடுத்தது. நான் 2 கிலோவை ஒரே பக்கெட்டில், மே மாதம், 38 டிகிரியில் கலக்கினேன். பக்கெட் என்பதே ஓர் அம்பாரம்தான். ஊற்றி முடிப்பதற்குள் பக்கெட்டின் அடி வெதுவெதுப்பாகிவிட்டது. அதை நான் நல்ல சகுனம் என்று நினைத்தேன், "ஆஹா, பிடிக்க ஆரம்பிச்சுடுச்சு" என்று.

இரண்டாவது பாடம் அம்பத்தூரில் கிடைத்தது. பெரியப்பா அங்கே தொழிற்பேட்டையில் மின்சார சி.டி. வார்க்கும் பட்டறை ஒன்றில் முப்பது வருடம் இருந்தவர். சி.டி. என்றால் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர். மின்வாரிய பேனல்களில் பழுப்பு நிறத்தில் கட்டை கட்டையாக உட்கார்ந்திருக்குமே, அது. கம்பிச் சுற்றைச் சுற்றி எபாக்சியை வார்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். சில வார்ப்புகள் என் ஸ்டூலைவிடப் பல மடங்கு கனம். அவையெல்லாம் எப்படி வெடிக்காமல் வருகின்றன?

"டேய், நீ போட்டது அமீன் ஹார்டனர். கலந்த நிமிசத்துலேர்ந்து அது அதோட இஷ்டம்" என்றார். "எங்களது அன்ஹைட்ரைடு. சும்மா வச்சா நாள் கணக்குல அப்படியே கெடக்கும். ஓவன்ல ஏத்தினாத்தான் வேலையே ஆரம்பிக்கும். மொதல்ல எம்பது, நூறு. கெட்டியானப்பறம் நூத்தி முப்பது, நாப்பதுல பல மணி நேரம். சூட்ட நாங்க குடுப்போம், அதுவா எடுத்துக்க விடமாட்டோம்."

அவர் சொன்ன இன்னொரு சமாசாரம், அங்கே ரெசினைவிடக் குவார்ட்ஸ் மாவு அதிகம் என்பது. எடையில் 60 சதவீதத்துக்கு மேலே மாவுதான். மாவு வினைபுரியாது, சூட்டை உறிஞ்சும், கடத்தும், சுருக்கத்தைக் குறைக்கும். கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் போதும் என்கிற வேலைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இயந்திரத்துக்கு அடிப்பீடம் வார்க்கிறவர்கள், எலக்ட்ரானிக் போர்டை ரெசினில் மூழ்கடிக்கிறவர்கள் எல்லாரும் தெளிவான ரெசினுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. எனக்குத்தான் கண்ணாடி மாதிரி வேண்டியிருந்தது. ஆசைக்கு விலை உண்டு.

எபாக்சி பிறந்ததே வார்ப்புக்காகத்தான் என்பதைப் பிறகு படித்தபோது சிரிப்பு வந்தது. 1930களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் இதை உருவாக்கியது பல் செட் செய்ய. அந்த வியாபாரம் படியவில்லை. உரிமை சிபா நிறுவனத்துக்குப் போய், 1946ல் அரால்டைட் என்ற பெயரில் பசையாக வெளிவந்தது. நம் வீட்டு அலமாரியில் உடைந்த பீங்கான் ஒட்டக் காத்திருக்கும் அந்த இரட்டை டியூபின் மூதாதை ஒரு பொய்ப்பல்.

வீட்டில் அந்த மாதிரி ஓவன் கிடையாது. அன்ஹைட்ரைடு நமக்கு ஆகாது. அமீனிலேயே மெதுவானதைத் தேட வேண்டும். கனமான வார்ப்புக்கு ரெசின் தேர்ந்தெடுப்பது என்று நாம் சொல்வது உண்மையில் ஹார்டனரைத் தேர்ந்தெடுப்பது. தகர டப்பாவில் இருக்கும் ரெசின் பெரும்பாலான கம்பெனிகளிலும் ஏறக்குறைய ஒரே குடும்பம்தான்.

பொறியியல் கல்லூரியில் கூட்டுப்பொருள் பாடத்துக்குப் பலகை வார்த்தவர்களுக்கு எல்.ஒய். 556 ரெசினும் எச்.ஒய். 951 ஹார்டனரும் நினைவிருக்கும். நூறு கிராமுக்குப் பத்து கிராம். அந்த ஹார்டனர் சின்ன மூலக்கூறு, ஒவ்வொன்றுக்கும் ஆறு கை. பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். கண்ணாடி இழையோடு சேர்த்து மெல்லிய தகடு செய்ய அருமையானது. 6 செ.மீ. ஆழத்துக்கு அதைவிட மோசமான தேர்வு இருக்க முடியாது. ஆழமான வார்ப்புக்கு என்று விற்கும் டீப் போர் ரகங்களில் பெரும்பாலும் பாலிஈதர் அமீன். மூலக்கூறு நீளம், சுபாவம் நிதானம். நூறுக்கு முப்பது, நாற்பது என்று சேர்க்க வேண்டியிருக்கும். ஆகவே கடையில் நிற்கும்போது விகிதத்தைப் பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும்: எடையில் 10:1 என்றால் பெரும்பாலும் அவசரக்காரன், 2:1, 3:1 பக்கம் என்றால் டீப் போராக இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான், மேல்பூச்சு ரெசின்களிலும் 2:1 இருக்கிறது. பாட் லைஃப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 40 நிமிடம் போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மணிக்கணக்கில் போட்டிருக்க வேண்டும்.

டீப் போர் ரெசினில் வெப்பமே வராது என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் நினைத்தேன். மொத்த வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அரை மணியில் கொட்டுவதை ஒரு நாள், ஒன்றரை நாள் என்று நீட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. அந்த நீட்டலில்தான் சூடு வெளியேற வழி பிறக்கிறது. ஆகவே அதிலும் கணக்கு தப்பலாம். 5 செ.மீ. வரை என்று டப்பாவில் போட்டிருந்தால் அது யாருடைய அறையில் 5 செ.மீ. என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டேட்டா ஷீட் (கம்பெனி தரும் விவரத்தாள்) எழுதியவரின் அறை 20லிருந்து 25 டிகிரி. சென்னையில் அந்த அறை ஏ.சி. போட்டால் வரும், இல்லாவிட்டால் மார்கழி, தை ராத்திரிகளில் வரும். ஏப்ரல் மாதம் ஷெட்டில் ஊற்றுகிறவர் அந்த 5 செ.மீ.யை 3 என்று படிப்பது நல்லது. சில டேட்டா ஷீட்டுகளில் ஆழத்தோடு சேர்த்து மொத்தம் இத்தனை கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாதே என்றும் இருக்கும். அந்த வரியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறோம்.

"ரெண்டு மூணு தடவையா ஊத்திட்டா எந்த ரெசினும் ஆகுமே" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகும். முதல் அடுக்கு ஜெல்லாகி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் உருட்டுப் பதத்தில் இருக்கும்போது அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த நேரம் தப்பிவிட்டால் முழுக்க இறுகவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு ஊற்ற வேண்டும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் அடுக்குக்கு அடுக்கு மெல்லிய கோடு. மேசையின் முனையில் அது தெரியும், எனக்கு அது உறுத்தும். உங்களுக்கு உறுத்தாது என்றால் செலவு மிச்சம்.

ஹார்டனரைக் குறைத்துப் போட்டால் மெதுவாக இறுகும் என்று ஒரு யோசனை வரும். கூடவே கூடாது. ஃபைபர் கிளாஸ் பட்டறைக்காரர்கள் பாலியெஸ்டர் ரெசினில் கேட்டலிஸ்டை ரெண்டு சொட்டு கூட்டியும் குறைத்தும் வேகத்தை ஆட்டிவைப்பார்கள். அங்கே கேட்டலிஸ்ட் வெறும் தூண்டுகோல். எபாக்சியில் ஹார்டனர் சம்பந்தி வீட்டார் மாதிரி, இந்தப் பக்கம் எத்தனை பேரோ அதற்குத் தக்கபடி அந்தப் பக்கமும் வர வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் ஜோடி சேராதவை மிஞ்சி, வார்ப்பு ரப்பராகவோ பிசுபிசுப்பாகவோ நின்றுவிடும். அளவு கண்ணாடிக் குவளையைவிட டிஜிட்டல் தராசு மேல். ஆனால் ஒன்று: ஹார்டனர் ரெசினைவிட எடை குறைந்தது. 2:1 என்று கொள்ளளவில் சொல்லியிருந்தால் எடையில் அது 100:50 ஆகாது. நான் வாங்கியதில் 100:43 என்று தனியாகப் போட்டிருந்தது. இதில் தடுமாறியவர்கள் பலர்.

இந்த முறை இரண்டு கம்பெனி ரெசினில் சின்ன டப்பா வாங்கினேன். ஒன்று 5 செ.மீ. வரை என்றது, மற்றொன்று 10 வரை என்றது. ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களில் 5.5 செ.மீ. ஆழத்துக்கு ஊற்றி, தயிர் உறைய ஊற்றப் பாலின் சூடு பார்க்க மனைவி வைத்திருந்த கம்பி தெர்மாமீட்டரை நடுவில் தொங்கவிட்டேன். (அந்தத் தெர்மாமீட்டர் சமையலறைக்குத் திரும்பவில்லை. அது தனி வழக்கு.) அறை 30 டிகிரி. முதலாவது 71 வரை ஏறி இறங்கியது. இரண்டாவது 46ஐத் தாண்டவில்லை. பார்வைக்கு இரண்டும் தெளிவு. நாலாம் நாள் முதலாவதில் நகம் இறங்கவில்லை. இரண்டாவதில் அழுத்தினால் மெல்லிய தடம் விழுந்தது.

71 டிகிரி பரவாயில்லையே என்று தோன்றலாம். டப்பா சின்னது, நாலு பக்கமும் சூடு கசிந்து போகும். மேசையிலோ இரு பலகைகளுக்கும் நடுவே 130 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலக் கால்வாயில் இரு பக்கமும் மரச்சுவர். மரம் ரெசினைவிடவும் சூட்டைப் பிடித்து வைக்கும். டப்பாவில் 71 என்றால் மேசையில் 90, 100 போகும் என்று கணக்குப் போட்டேன். விரிசல் விழாவிட்டாலும் மரத்திலிருந்து காற்றுக் குமிழிகளைக் கிளப்ப அந்தச் சூடு போதும். பலமா, பத்திரமா என்று வந்தபோது இரண்டாவதையே எடுத்தேன். அந்த நகத் தடத்தை அன்று நான் போதிய அளவு மதிக்கவில்லை.

கால்வாயின் கொள்ளளவு 130 பெருக்கல் 14 பெருக்கல் 5.5, சுமார் 10 லிட்டர். எபாக்சி தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் 11 கிலோ. 12 வாங்கினேன். பொங்கல் லீவுக்கு அப்பா வந்திருந்தார். கீழே கார் நிறுத்துமிடத்தில், இரவு எட்டு மணிக்கு, 24 டிகிரியில் வேலை தொடங்கியது. ஏன் கார்த்திகையில் செய்யவில்லை என்றால், மழைக்காலத்து ஈரம். காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் அமீனோடு சேர்ந்து மேற்பரப்பில் மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். கழுவாமல் உப்புத்தாளைப் போட்டால் அதையே உள்ளே தேய்த்து அப்பியதாகும்.

முந்தின நாளே பலகைகளின் உள் ஓரத்தில் பட்டையைச் செதுக்கி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த அந்தப் பழைய அவசர ரெசினைத் தூரிகையால் மெல்லிசாகத் தடவியிருந்தேன். மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிட்டால் பிறகு குமிழி வராது. மே மாதம் என் மானத்தை வாங்கிய அதே ரெசின் இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்தது. மில்லிமீட்டரில் அது மன்னன். தலைகீழாகவும் ஒன்று உண்டு: மிஞ்சிய டீப் போர் ரெசினைப் பிறகு ஒரு தட்டில் 2 மி.மீ. பூசிப் பார்த்தேன். இரண்டு வாரம் பிசுபிசுத்தது. அந்தக் கனத்தில் அதற்குச் சொந்தச் சூடே பிறக்காததால் இறுகுவதற்கு உந்துதல் இல்லை.

கலக்குவதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். பக்கெட் சுவரிலும் அடியிலும் ஒட்டியிருப்பது சரியாகக் கலந்திருக்காது. சுரண்டிச் சுரண்டிக் கலந்தபின் இன்னொரு பக்கெட்டுக்கு மாற்றி மறுபடி கலக்க வேண்டும். மெதுவான ரெசின் என்பதால் நாலு நாலு கிலோவாக மூன்று முறை கலக்க நேரம் இருந்தது. கையுறை நைட்ரைல். எபாக்சி ஒருமுறை தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் ஆயுளுக்கும் ஒத்துக்கொள்ளாது. பெரியப்பாவின் பட்டறையில் இரண்டு பேர் அதனாலேயே வேறு வேலைக்குப் போனார்களாம். கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது அதைத் தோலுக்குள் இன்னும் ஆழமாக அனுப்புவது. சோப்பு போதும்.

டீப் போர் ரெசின் நல்லெண்ணெய் மாதிரி ஓடும். அதனால்தான் குமிழிகள் தானே மேலேறி உடைகின்றன. அதனாலேயே ஒழுகவும் செய்கிறது. அவசர ரெசினில் ஓட்டை இருந்தால் பத்து நிமிடத்தில் தானே அடைபடும். இது விடிய விடிய ஒழுகும். அச்சுப் பெட்டியின் மூலைகளுக்கெல்லாம் சிலிகான் வைத்திருந்தேன், ஒரு மூலையைத் தவிர. ராத்திரி ஒரு மணிக்கு அப்பா எழுப்பினார். "வாய்க்கால் உடைஞ்சிருக்குடா." டார்ச் அடித்துப் பார்த்தால் தரையில் சொட்டுச் சொட்டாக ஒரு குட்டை. டெல்டாக்காரருக்கு உடைப்பு அடைக்கச் சொல்லித்தர வேண்டுமா? நான் டேப்பைத் தேடுவதற்குள் அவர் குழந்தையின் களிமண் டப்பாவிலிருந்து ஓர் உருண்டையைப் பிடுங்கி மூலையில் அப்பிவிட்டார். நின்றது. அரைக் கிலோ போயிருக்கும். மிச்சம் வைத்திருந்ததிலிருந்து நிரப்பினோம்.

மறுநாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து சூடு பார்த்தேன். காலை ஆறுக்கு 31. மதியம் 44. இரவு ஏழரைக்கு 57. அங்கே நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. மேசை மின்விசிறியை மேலே திருப்பிவிட்டேன். ஒன்பதுக்கு 58, பத்தரைக்கு 56. இறங்க ஆரம்பித்தபின் தூங்கப் போனேன். இப்படிக் கண்காணிக்கும்போது சூடு கிடுகிடுவென்று ஏறினால் செய்யக்கூடியது அதிகமில்லை: காற்றோட்டம், இன்னும் காற்றோட்டம், புகை வந்தால் விலகி நிற்பது. பக்கெட்டில் மிஞ்சியதாக இருந்தால் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் அகலமான தகரத் தட்டில் பரப்பிவிடலாம். குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், அதுவும் அம்பாரம்தான்.

ஐந்தாம் நாள் அச்சைப் பிரித்தோம். பூவரசின் கருஞ்சிவப்பு வயிரம் இரு பக்கமும், நடுவே அடித் தரையின் சிமென்ட் விரிசல்வரை தெரிகிற தெளிவு. ஒரே ஒரு இடத்தில் நாலு குமிழி. வண்ணப் பொடி ஏதும் போடவில்லை. ஜன்னல் வெயில் நேரே படாத மூலையில்தான் மேசையைப் போட்டேன். எவ்வளவு நல்ல எபாக்சியும் வெயில் பட்டால் வருடப்போக்கில் மஞ்சளாகும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி, தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது.

அந்த நகத் தடத்துக்கு வருகிறேன். நீளமான, நிதானமான ஹார்டனர் போட்டால் இறுகிய பின்னும் வலை கொஞ்சம் நெகிழ்வாகவே இருக்கும். ஒவ்வொரு எபாக்சிக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதைத் தாண்டினால் கண்ணாடித் தன்மை போய் ரப்பர் குணம் வந்துவிடும். பெரியப்பாவின் சி.டி.க்கு அது 100 டிகிரிக்கு மேல். என் மேசைக்கு 50க்குப் பக்கத்தில். டேட்டா ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் அது போட்டிருந்தது, நான் முதல் பக்கத்தின் ஆழக் கணக்கிலேயே நின்றுவிட்டேன். சித்திரையில் அப்பா மறுபடி வந்தார். காலையில் டவராவில் காபி. பித்தளை டவரா, ஆவி பறக்க. நேரே ரெசின் மேல் வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். எடுத்தபோது பௌர்ணமி மாதிரி ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"இதுக்கா நாலு வருசம் காய வச்சேன்" என்றார்.

ஹீட் கன்னை எடுத்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெல்ல ஆட்டினேன். ரெசின் இளகியபோது தடம் தானே மேலெழும்பிப் பாதிக்கு மேல் மறைந்தது. மீதியைத் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். அது வரைக்கும் ஊரிலிருந்து வந்த கோரைப்பாய் துண்டு ஒன்று அதன் மேல் கிடக்கிறது. விரிசல் விட்ட அந்த மர வட்டு மாடிக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. கீழ்வீட்டு மாமி துணி எடுக்க வரும்போதெல்லாம் அதைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கடந்துபோகிறார்.